அந்த ரெண்டு காலுக்கு ஒரு பேரு இருக்கு, அத போடுங்க

வார்னர் பிரதர்ஸ்ல பழைய கார்ட்டூன்கள பாத்துக்குறவங்களுக்கு, எத வெளியிடணும் எத பூட்டி வைக்கணும்னு முடிவெடுக்குறவங்களுக்கு,

வணக்கம். நான் மதுரையிலேருந்து எழுதுறேன். ஏழு வயசு பொண்ணுக்கு அம்மா. சின்ன வயசுலேருந்து டாம் அண்ட் ஜெர்ரி பாத்து வளந்தவ, இன்னிக்கும் ஒரு நாள் மனசு சரியில்லன்னா அததான் போட்டு பாப்பேன். அந்த பாசத்துலதான் எழுதுறேன், அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல என் பொண்ணு தோசைய பிச்சு வாயில வச்சுக்கிட்டே டிவி பாத்துட்டு இருந்தா. அதுல ரெண்டு கால் மட்டும் வரும் பாருங்க, பழுப்பு நிறத்துல, தொளதொளன்னு சாக்ஸ், தேஞ்ச செருப்பு, கைல ஒரு தொடப்பம், தாமஸ்னு ஒரு கத்து கத்துவாங்க, டாம் அப்படியே நடுங்கிருவான். அத பாத்துட்டு கேக்குறா, ஏம்மா அந்த ஆன்ட்டிக்கு மூஞ்சியே இல்லன்னு. பூனை எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துலேருந்து பாக்குற மாதிரி வரஞ்சிருக்காங்கடா, அதனால கால் மட்டும்தான் தெரியுதுன்னு சொன்னேன். சரின்னு விட்டுட்டா. எனக்குதான் விட முடியல, ஏன்னா அது பாதி பதில்னு எனக்கு தெரியும். அதே தொடர்ல 1956-ல ஜீனின்னு ஒரு வெள்ளைக்கார பொண்ணு வரா, குழந்தைய பாத்துக்க வந்துட்டு சதா போன்ல பேசிக்கிட்டே இருப்பா, அவளுக்கு கண்ணு மூக்கு வாய் எல்லாம் இருக்கு, பேரும் இருக்கு. அந்த கதையிலயும் பூனை அதே உயரம்தான்.

அந்த அம்மாவுக்கு மேமி டூ ஷூஸ்னு ஒரு பட்டப்பேருதான் இருக்கு. மேமிங்கறது ஒரு ஆளோட பேரே கெடையாது. வெள்ளைக்காரங்க வீட்ல சமைச்சு, பெருக்கி, அவங்க புள்ளைகள வளத்த கறுப்பின பெண்கள எல்லாரையும் ஒரே அச்சுல போட்டு வச்ச பேரு அது. குண்டா இருப்பாங்க, சத்தமா பேசுவாங்க, விசுவாசமா இருப்பாங்க, தனக்குன்னு வாழ்க்கையே இல்லாத மாதிரி இருப்பாங்க. ஆரம்பத்துல வேலைக்காரம்மாவா காட்டிட்டு, போகப்போக அந்த வீடே அவங்களோடதுதான்னு தோணற மாதிரி வசனம் வச்சாங்க, அது எனக்கு பிடிச்ச மாற்றம். ஆனா முகம் மட்டும் கடைசி வரைக்கும் குடுக்கல. 1950-ல வந்த சாட்டர்டே ஈவ்னிங் புஸ்ல ஒரே ஒரு இடம் இருக்கு. அவங்க சனிக்கிழமை ராத்திரி நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு சீட்டாட கிளம்பிருவாங்க, இங்க டாம் கூட்டாளிகள கூப்பிட்டு பாட்டும் கூத்துமா வீட்ட ரெண்டாக்குவான், தூங்க முடியாம ஜெர்ரி போன் போட்டு சொல்லிருவான், அவங்க புயல் மாதிரி வீட்டுக்கு ஓடி வருவாங்க. அந்த ஓட்டத்துல கண் சிமிட்டுற நேரத்துக்கு முகம் தெரியும். அத பாஸ் பண்ணி என் பொண்ணுக்கு காட்டினேன். அட, இருக்கேம்மான்னா.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன். அந்த குரல் யாரோடதுன்னு உங்களுக்கு தெரியும். லிலியன் ராண்டால்ஃப். 1898-ல டென்னசில நாக்ஸ்வில்ல பொறந்தவங்க. ரேடியோ நாடகத்துல அவங்க குரல் அமெரிக்கா முழுக்க பிரபலம், 1946-ல வந்த இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப் படத்துல நடிச்சிருக்காங்க, ரொம்ப வருஷம் கழிச்சு 1977-ல ரூட்ஸ் தொடர்லயும் வந்தாங்க, 1980-ல இறந்துட்டாங்க. டாம் அண்ட் ஜெர்ரியோட முதல் படமான புஸ் கெட்ஸ் தி பூட் 1940 பிப்ரவரி 10 வந்துச்சு. அதுல டாமுக்கு டாம்னு பேரு கூட வைக்கல, ஜாஸ்பர்னுதான் கூப்பிடுவாங்க. இன்னொரு சாமான் உடஞ்சா வெளிய போயிரணும்னு அந்த அம்மா பூனைய மிரட்டுவாங்க, அத கேட்டுட்டு எலி கண்ணாடி டம்ளர விளிம்புல வச்சுக்கிட்டு பூனைய ஆட்டி வைக்கும். அந்த முழு கதையும் அவங்க சொன்ன ஒரே வார்த்தை மேல நிக்குது. பூனையும் எலியும் பேசாத வீட்ல பேசுறது அவங்க ஒருத்தங்கதான். 1952-ல புஷ் பட்டன் கிட்டி வரைக்கும் வந்துட்டு காணாம போயிட்டாங்க. முதல் படத்த விட்டா மத்த படங்கள்ல டைட்டில்ல டைரக்டருங்க ஹன்னா பேரு வருது, பார்பெரா பேரு வருது, தயாரிப்பாளர் பேரு வருது, மியூசிக் போட்டவர் பேரு வருது. லிலியன் ராண்டால்ஃப் பேரு எதுலயும் வரல.

அதே 1940 பிப்ரவரில, 29-ஆம் தேதி, இன்னொன்னு நடந்துச்சு. கான் வித் தி விண்ட் படத்துல மேமியா நடிச்சதுக்காக ஹேட்டி மெக்டேனியலுக்கு ஆஸ்கர் குடுத்தாங்க, ஆஸ்கர் வாங்கின முதல் கறுப்பினத்தவர் அவங்கதான். விருது குடுத்த ஹோட்டல்ல கறுப்பினத்தவங்கள உள்ள விட மாட்டாங்க, தயாரிப்பாளர் கேட்டுக்கிட்டதால விட்டாங்க, விட்டுட்டு கூட நடிச்சவங்களோட உக்கார வைக்காம சுவத்தோரமா தனி மேஜைல உக்கார வச்சாங்க. ஒரே மாசம், ஒரே ஊரு, ஒரே மாதிரி பாத்திரம். ஒருத்தங்களுக்கு முகம் தெரிஞ்சுச்சு, மேஜை தள்ளி போட்டாங்க. இன்னொருத்தங்களுக்கு குரல மட்டும் எடுத்துக்கிட்டாங்க. இத படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

நான் ஏன் இவ்வளவு தூரம் இத தூக்கிட்டு திரியறேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் நல்ல கறுப்பு. ஆறாவது படிக்கும்போது முழுப்பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூம்ல எல்லாரையும் தரையில உக்கார வச்சு டாம் அண்ட் ஜெர்ரி சிடி போட்டாங்க. ஒரு இடத்துல வெடி வெடிக்கும், புகை விலகினா மூஞ்சி கன்னங்கரேல்னு ஆயிருக்கும், உதடு மட்டும் பெருசா வெளுப்பா, முடி அஞ்சாறு கொத்தா பிரிஞ்சு ரிப்பன் கட்டின மாதிரி நிக்கும். எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், நெஜமா நல்லா சிரிச்சேன், அடுத்த நிமிஷம் பின்னாடியிருந்து ஒருத்தன் என் பேர சொன்னான். அவ்வளவுதான், ரூமே திரும்பி என்ன பாத்து சிரிச்சுச்சு. எனக்கு ரெட்ட சடை, ரெண்டு சடையிலயும் சிவப்பு ரிப்பன். வீட்டுக்கு போனதும் அத அவுத்து பரண் மேல தூக்கி போட்டேன். அடுத்த வருஷம் முழுக்க நான் ரிப்பன் கட்டவே இல்ல, எங்கம்மா கேட்டு கேட்டு அலுத்துட்டாங்க.

அந்த பையன் மேல எனக்கு இப்ப கோவம் இல்ல. அவனுக்கு யாரும் எதுவும் சொல்லல, எனக்கும் யாரும் சொல்லல. அந்த கறுத்த மூஞ்சி சும்மா புகைக்கரி இல்ல, அமெரிக்காவுல 1830கள்லேருந்து மேடையில ஓடின ஒரு கேலிக்கூத்துலேருந்து நேரா வந்ததுன்னு நான் பெரியவளாகி படிச்சுதான் தெரிஞ்சுக்கிட்டேன். வெள்ளைக்காரங்க தக்கைய எரிச்சு அந்த கரிய மூஞ்சில பூசிக்கிட்டு, உதட்ட பெருசா வரஞ்சுக்கிட்டு, கறுப்பின மக்கள் மாதிரி ஆடி பாடி அவங்கள முட்டாளா சோம்பேறியா காட்டி காசு பாத்தாங்க, அதுக்கு மின்ஸ்ட்ரல் ஷோன்னு பேரு. அந்த ஆட்டத்துல வந்த ஜிம் க்ரோங்கற பாத்திரத்தோட பேரத்தான் பின்னாடி இனம் பிரிச்சு வைக்குற சட்டங்களுக்கே பட்டப்பேரா சொன்னாங்க. கொத்து கொத்தா ரிப்பன் கட்டின முடி இருக்கே, அது கறுப்பின குழந்தைகள கேலி பண்ணி வரைஞ்ச படத்துலேருந்து வந்தது. எங்கயோ ஒரு ஊர்ல அடிமையா இருந்தவங்க குழந்தைய கேலி பண்ண வரைஞ்ச கோடு, நூறு நூத்தம்பது வருஷம் கழிச்சு மதுரையில ஒரு கம்ப்யூட்டர் ரூம்ல உக்காந்துருந்த என் ரிப்பன் மேல வந்து விழுந்துச்சு. எங்க ஊர்லயும் நிறத்த வச்சு மட்டம் தட்டுறது காலங்காலமா இருக்கு, அத நான் மறைக்கல, அதுக்கு உங்கள பொறுப்பாக்கவும் இல்ல. ஆனா நெருப்பு இருந்த இடத்துல இது எண்ணெய் ஊத்துச்சு.

நீங்க ஒன்னுமே பண்ணலன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு முன்னாடி அந்த படங்கள வச்சிருந்தவங்களும் பண்ணாங்க. என்ன பண்ணாங்கங்கறதுதான் என் வருத்தம். 1960கள்ல டிவிக்கு போடும்போது சில படத்துல அந்த அம்மாவோட கால அழிச்சுட்டு வெள்ள கால வரஞ்சாங்க, லிலியன் குரல எடுத்துட்டு ஜூன் ஃபோரேங்கற குரல் நடிகைய ஐரிஷ் பேச்சுல பேச வச்சாங்க. நான் சொன்னேனே சாட்டர்டே ஈவ்னிங் புஸ், அதுல அவங்கள மொத்தமா தூக்கிட்டு ஒல்லியா ஒரு வெள்ளைக்கார சின்ன பொண்ண காதலனோட ஆட போற மாதிரி வரஞ்சு ஒட்டினாங்க. முகம் தெரிஞ்ச ஒரே படத்துல கூட அவங்க இல்லாம போயிட்டாங்க. கேலிய எடுக்குறோம்னு சொல்லிட்டு ஆளையே எடுத்துட்டாங்க. அந்த உலகத்துல இருந்த ஒரே கறுப்பின பெண் அவங்கதான், அவங்களையும் அழிச்சப்புறம் பாக்குற குழந்தைக்கு என்ன மிஞ்சுது? வெடிச்சா கறுத்துப்போற மூஞ்சி மட்டும்தான் மிஞ்சுது. அப்புறம் 1990கள் பக்கத்துல டர்னர் கம்பெனி காலத்துல தியா விடேல்ங்கற கறுப்பின நடிகைய வச்சு திரும்ப டப்பிங் பண்ணாங்க, கறுப்பினத்தவங்க பேச்சுன்னு கேலியா வச்சிருந்த இழுவைய சரி பண்ணாங்க. முன்ன பண்ணதுக்கு இது எவ்வளவோ மேல். இருந்தாலும் அதுலயும் லிலியன் குரல் போயிருச்சு, இன்னிக்கு பல பேரு கேக்குறது அவங்க குரலே இல்ல.

2005-ல உங்களோட இன்னொரு கார்ட்டூன் தொடரான லூனி டியூன்ஸ் டிவிடி தொகுப்பு ஒன்னுல கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பெர்க்க பேச வச்சிருந்தீங்க. இந்த மாதிரி கேலி இருக்குற படங்கள எடுத்துட்டா அப்படி ஒன்னு நடக்கவே இல்லன்னு சொல்றதா ஆயிரும், அதனாலதான் விட்டு வச்சிருக்கோம்னு அவங்க எடுத்து சொன்னாங்க. அத கேட்டப்ப எழுந்து நின்னு கைதட்டணும் போல இருந்துச்சு. டாம் அண்ட் ஜெர்ரி டிவிடிலயும் மேமி யாருன்னு அவங்களே விளக்கினாங்க. ஆனா 2013-ல டாம் அண்ட் ஜெர்ரி ப்ளூ ரே தொகுப்போட ரெண்டாவது பாகத்த அறிவிச்சப்ப மவுஸ் க்ளீனிங், காசனோவா கேட்னு அந்த கறுத்த மூஞ்சி கேலி வர ரெண்டு படத்த விட்டுட்டீங்க, ரசிகர்கள் சண்டை போட்டாங்க, அந்த வெளியீடே நின்னு போச்சு. நீங்களே சொன்ன வார்த்தைய அன்னிக்கு நீங்களே மறந்துட்டீங்க.

மவுஸ் க்ளீனிங் 1948. அத நான் பாத்திருக்கேன். வீட்ட தொடச்சு வச்சுட்டு, ஒரு பொட்டு அழுக்கு பாத்தாலும் வெளிய தொரத்திருவேன்னு டாம்கிட்ட சொல்லிட்டு அந்த அம்மா கடைக்கு போயிருவாங்க, ஜெர்ரி பண்ண வேண்டிய எல்லா அழும்பும் பண்ணுவான். தக்காளி, மை, குதிரைன்னு ஒன்னு மேல ஒன்னா வந்துக்கிட்டே இருக்கும், அந்த வேகமும் டைமிங்கும் இன்னிக்கு யாரும் வரைய முடியாது. கடைசில நிலக்கரி லாரியிலேருந்து கரி முழுக்க வீட்டுக்குள்ள கொட்டி, கதவத் திறந்த அம்மாவ அந்த கரி வெள்ளம் ரோட்டுக்கே அடிச்சுட்டு போயிரும். கரிக்குள்ளேருந்து டாம் தலைய தூக்குவான், மூஞ்சி முழுக்க கறுப்பு, இங்க ஒரு உதவாக்கரை பூனைய பாத்தியான்னு அவங்க கேப்பாங்க, அவன் இழுத்து இழுத்து, சோம்பேறித்தனமா காட்டின அந்த காலத்து கறுப்பின நகைச்சுவை பாத்திரம் மாதிரியே பேசிட்டு நழுவுவான். அந்த இடத்துல எனக்கு நெஞ்சு அடைக்குது. கேக்குறது யாரு பாருங்க, ஒரு கறுப்பின பெண்ணோட குரல். அவங்கள பக்கத்துல வச்சுக்கிட்டே அவங்க ஆளுங்கள கேலி பண்ற வசனம். அந்த ரெக்கார்டிங் ரூம்ல நின்னு அவங்க அத பேசிருக்காங்க. அந்த படத்த பூட்டி வச்சா அந்த இடமும் சேந்து மறஞ்சு போயிரும், அவங்க எதையெல்லாம் தாண்டி அந்த வேலைய பாத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. எட்டு வயசு குழந்தைக்கு போடாதீங்க, சரி. பெரியவங்களுக்கு, படிக்கிறவங்களுக்கு, முழுசா விளக்கத்தோட போடுங்க.

எது கேலி, எது நம்ம ஆளுங்கறத பூட்டுறவங்க மட்டும் உக்காந்து முடிவு பண்ண முடியாதுங்கறதுக்கு உங்ககிட்டயே ஸ்பீடி கொன்சாலஸ்னு ஒரு மெக்சிகோ எலி இருக்கான். மஞ்ச தொப்பி, சிவப்பு கழுத்துத்துணி, 1955-ல வந்த அவன் பேர்லயே இருக்குற படம் ஆஸ்கர் வாங்குச்சு. அந்த மெக்சிகன் உச்சரிப்பு, அவன சுத்தி இருக்குற எலிங்கள சோம்பேறியா, குடிகாரங்களா காட்டினது, இதெல்லாம் தப்புன்னு 1999-க்கு அப்புறம் அமெரிக்க டிவில அவன நிறுத்தி வச்சாங்க. திரும்ப கொண்டாங்கன்னு குரல் குடுத்தது யாரு? லத்தீன் அமெரிக்க மக்களோட உரிமைக்காக நிக்குற லுலாக் அமைப்பு. அவங்களுக்கு அவன் ஏமாத்துற பூனைய ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிற புத்திசாலி, அந்த கும்பல்லயே தைரியமானவன். 2002-ல அவன் திரும்ப வந்தான். 2021-ல புது படத்துல மெக்சிகன் வம்சாவளி நகைச்சுவை நடிகர் கேப்ரியல் இக்லேசியாஸ் அவனுக்கு குரல் குடுத்தாரு. அந்த மக்கள்கிட்ட கேட்டீங்க, வழி கெடச்சுச்சு. லிலியன் விஷயத்துலயும் கேளுங்க. அவங்க சமூகத்துலேருந்து வரலாறு படிச்சவங்க, அனிமேஷன் பண்றவங்க எத்தனையோ பேரு இருக்காங்க.

பொண்ணுங்க விஷயமும் இதோட ஒட்டினதுதான். டாம் அண்ட் ஜெர்ரில பொண்ணு யாரும்மான்னு என் மக கேட்டா நான் யார காட்டுறது. டாம், ஜெர்ரி, ஸ்பைக், டைக், புட்ச், நிபிள்ஸ் எல்லாம் ஆம்பளை. வெள்ளப்பூனை டூடுல்ஸ் வருவா, கண்ண சிமிட்டுவா, சோபாவுல சாஞ்சு உக்காந்துருப்பா, அவளுக்காக ரெண்டு பேரு அடிச்சுக்குவாங்க, அவ்வளவுதான். லூனி டியூன்ஸ்லயும் லோலாங்கற பொண்ணு முயல் வர 1996 ஆச்சு. அந்த பழைய படங்கள்ல அதட்டி பேசுற, முடிவெடுக்குற, டாம் ஜெர்ரி ரெண்டு பேரையும் நடுங்க வைக்குற பொண்ணுன்னு தேடினா திரும்பவும் நான் வந்து நிக்கிறது அந்த பழுப்பு கால்கிட்டதான். என் மகளுக்கு காட்ட என்கிட்ட இருக்குற ஒரே ஆள் அவங்க. அதனாலதான் கெஞ்சி கேக்குறேன்.

நான் கேக்குறது பெருசு இல்ல. அவங்க குரல் குடுத்த ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் அவங்க பேர போடுங்க. அசல் படத்துல கை வைக்காம, முன்னாடி ஒரு அட்டையா போட்டா போதும். ரெண்டாவது, அவங்க அசல் குரல் எங்கெங்க இருக்கோ அத திரும்ப குடுங்க, அந்த மாத்தி வரைஞ்ச வெள்ள காலு படங்கள இனி எங்கயும் போடாதீங்க. அப்புறம், பழைய கார்ட்டூனுக்கு முன்னாடி, இதுல இனக் கேலி இருக்குன்னு போடுற அந்த எச்சரிக்கை வாசகம். அத டிஸ்க்ல இங்கிலீஷ்ல போட்டா அந்த டிஸ்க் வாங்குற ரசிகர்கள் படிப்பாங்க, அவங்களுக்கு ஏற்கனவே எல்லாம் தெரியும். தெரியாதது எங்க ஊர்ல தோசை சாப்பிட்டுக்கிட்டே பாக்குற குழந்தைக்கும், அத பக்கத்துல உக்காந்து பாக்குற பாட்டிக்கும்தான். நீங்க கார்ட்டூன எந்தெந்த மொழிக்காரங்களுக்கு விக்கிறீங்களோ அந்தந்த மொழியில எழுதுங்க, படிக்க தெரியாத சின்ன குழந்தைங்களுக்கு ஒரு குரல் பத்து செகண்ட் சொல்லட்டும். தடையெல்லாம் வேணாம், பயமுறுத்துற மாதிரியும் வேணாம், அன்னிக்கு என் கம்ப்யூட்டர் ரூம்ல யாராச்சும் அந்த பத்து செகண்ட் பேசிருந்தா போதும், அந்த பையனும் யோசிச்சிருப்பான்.

தமிழ்ல எழுத ஆள் இல்லன்னு சொல்லிராதீங்க. நான் எழுதி வச்சிருக்கேன், எடுத்துக்கங்க, காசு பணம் எதுவும் வேணாம், என் பேரும் போட வேணாம்:

"இந்தப் படத்துல வீட்டுக்காரம்மாவுக்கு குரல் குடுத்தவங்க லிலியன் ராண்டால்ஃப். பெரிய நடிகை. அந்த காலத்துல கறுப்பின மக்கள இப்படித்தான் கேலியா காட்டினாங்க, அது தப்பு. அவங்க முகத்த படத்துல காட்டல, அதனால இங்க காட்டுறோம்."

அந்த கடைசி வரிக்கு பக்கத்துல அவங்க போட்டோ ஒன்னு வைங்க. சிரிச்ச முகமா இருக்குறதா பாத்து வைங்க.

இப்படிக்கு,
மதுரையிலேருந்து ஒரு அம்மா